முந்தின பஸ்ஸில் போனவர்

பெங்களூர் ஜோகுபாளையத்தில் யூனிஸுக்கு ‘டூரிஸ்ட் அம்மா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். வைத்தது யார் என்று கேட்டால் ஒருத்தரும் வாயைத் திறக்கமாட்டார்கள். ஆனால் சந்து முழுக்க அந்தப் பெயர்தான் ஓடிக்கொண்டிருந்தது. அறுபத்திரண்டு வயசுப் பெண்மணி தினமும் காலை எட்டரைக்குத் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பையில் தண்ணீர் பாட்டிலும் எலுமிச்சம்பழச் சாதமும், கையில் ஆதார் கார்டுமாகக் கிளம்பி, விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பினால் ஜனங்கள் வேறு என்னதான் சொல்வார்கள்? பெண்களுக்கு பஸ்ஸில் காசு கிடையாது என்று ஆனதிலிருந்து கோயில் கோயிலாகப் போகிறவர்கள் உண்டு, மகள் வீடு தங்கை வீடு என்று போகிறவர்கள் உண்டு. யூனிஸ் எங்கேயும் போகவில்லை. பஸ் எங்கே போய் நிற்குமோ அதுவரை போவாள், இறங்குவாள், அடுத்த பஸ்ஸைப் பிடிப்பாள்.

“இன்னிக்கு எந்தப் பக்கம்க்கா?” என்று எதிர்வீட்டு மைதிலி கேட்பாள்.

“எலஹங்கா.”

“அங்க என்னக்கா இருக்கு பாக்கறதுக்கு?”

“போய்ப் பாத்தாத்தான தெரியும்” என்று சொல்லிவிட்டு யூனிஸ் நடையைக் கட்டுவாள்.

மைதிலிக்கு விஷயம் தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டே கேட்பதில் சிலருக்கு ஒரு ருசி. யூனிஸின் புருஷன் ரெமிஜியஸ் போன வருஷம் ஆகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பஸ் ஏறப் போனவர், போனவர்தான். போலீசில் எழுதிக் கொடுத்தாயிற்று, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் பார்த்தாயிற்று, பஸ் ஸ்டாண்டுகளில் போட்டோ ஒட்டியாயிற்று. மனுஷன் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று சொல்ல ஆளில்லை. அந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளத்தான் யூனிஸ் பதினைந்து மாதமாக ஊரில் ஓடுகிற பஸ்ஸிலெல்லாம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். இதற்குப் பெயர் டூரிஸ்டாம்!

பஸ்ஸில் தேடுவதற்குக் காரணம் இருந்தது. ரெமிஜியஸ் கோலார் தங்கவயல்காரர். இருபது வயசில் சுரங்கத்துக்குள் இறங்கினவருக்கு, ரெண்டாயிரத்து ஒன்றில் சுரங்கத்தை மூடுகிற வரைக்கும் பூமிக்கு அடியில்தான் வேலை. அப்புறம் குடும்பத்தோடு பெங்களூருக்கு வந்து ஒரு அடுக்குமாடிக் கட்டடத்து வாசலில் செக்யூரிட்டியாக உட்கார்ந்தார். அந்த வேலையும் முடிந்த மறுநாள் பெரியவர்களுக்கான பஸ் பாஸோடு வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“இருபத்துமூணு வருசம் இருட்டுல இருந்தவன் நானு. மேல இன்னா இன்னா இருக்குதுன்னு ஒரு வாட்டி பாக்க வேணாமா?” என்றார்.

பார்க்கத்தான் செய்தார். எந்த பஸ் முதலில் வருகிறதோ அதில் ஏறுவார். ஜன்னலோரம் உட்காருவார். கடைசி ஸ்டாப்பில் ஒரு டீ குடித்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்புவார். ராத்திரி சாப்பிடும்போது ஹொஸ்கோட்டே ஏரியில் தண்ணீர் தளும்புவதையும், சர்ஜாபூரில் ஒரு கோழிக்கடைக்கு முன்னால் மூன்று வரிசை நிற்பதையும் ஏதோ சீமைக்குப் போய்வந்தவர் மாதிரிச் சொல்வார். “நீயும் வாயேன்” என்று யூனிஸைக் கூப்பிடாத நாளில்லை. அவளுக்கு முழங்கால் வலி. அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டாள்.

கடைசி ஒரு வருஷம் அவருக்கு மறதி வந்துவிட்டது. இரண்டு தடவை முன்பின் தெரியாதவர்கள் கொண்டுவந்து விட்டுப் போனார்கள். மகன் டிரேவர் பொம்மனஹள்ளியில் ஒரு ஃபேக்டரியில் சூப்பர்வைசர். முப்பத்திநாலு வயசு, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அவன் ஒரு பெரிய பூட்டை வாங்கிவந்து கேட்டில் போட்டான். “அந்த மனுசன் சுரங்கத்துக் கேஜ் கதவுக்குள்ளயே பாதி ஆயுசு இருந்துட்டாருடா, இங்கயும் பூட்டணுமா?” என்று யூனிஸ் சண்டைக்கு நின்றாள். டிரேவர் கேட்கவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை அவன் குளித்துக்கொண்டிருந்தபோது ரெமிஜியஸ் கேட்டருகில் வந்து நின்று அவளையே பார்த்தார். சாவியை எடுத்துத் திறந்துவிட்டது யூனிஸின் கைதான். இதை டிரேவர் ஒரு நாளும் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டித் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றும்.

முதல் நாலைந்து மாதம் ஒரு தகவலும் கிடைக்கவில்லை. போனில் இருக்கிற போட்டோவைக் காட்டினால் கண்டக்டர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். டிசம்பர் வாக்கில் யூனிஸ் சாப்பாட்டை விட்டுவிட்டாள். கிறிஸ்துமஸுக்கு வாங்கின கேக்கை எறும்புதான் தின்றது.

ஜனவரியில் ஒரு நாள், ஆனேக்கல் பஸ் ஸ்டாண்டில், முதல் தடவையாக ஒருத்தர் தலையாட்டினார்.

அவள் பெயர் சஹானா. ஆனேக்கல்லிலிருந்து உள்கிராமங்களுக்குப் போகிற பஸ்ஸில் கண்டக்டர். காக்கிச் சட்டை, காதில் சின்னத் தோடு, இடுப்பில் டிக்கெட் மெஷின். போட்டோவை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள்.

“பாத்தேம்மா. இவரு முந்தின பஸ்ல போனாரு.”

“நல்லாப் பாத்துச் சொல்லும்மா. இவரா?”

“இவருதான். எறங்கறப்ப மேல் கம்பியில மூணு தட்டு தட்டுவாரு.”

யூனிஸ் அப்படியே பஸ் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். சுரங்கத்துக்குள் ஆளை இறக்குகிற இரும்புக்கூண்டுக்குத்தான் கேஜ் என்று பெயர். உள்ளே ஆள் இருக்கிறான், பார்த்து ஓட்டு என்று மேலே எஞ்சின் ஓட்டுகிறவனுக்குச் சொல்ல மூன்று மணி அடிப்பார்கள். ரெமிஜியஸ் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதும் அந்தப் பழக்கம் போகாமல் கம்பியில் மூன்று தட்டுவார். விசில் ஊதுகிற கண்டக்டர்கள் அவரை முறைப்பார்கள். இது யாருக்கும் சொல்லித் தெரிகிற விஷயமில்லை. அன்றைக்கு ராத்திரி யூனிஸ் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள். “உங்கப்பா இருக்காருடா” என்றாள். டிரேவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, “அப்படியாம்மா” என்றான்.

அதற்கப்புறம் நாலு நாளைக்கு ஒருத்தராவது அப்படிச் சொல்வார்கள். அத்திபெலேயில் சொன்னார்கள், சந்தாபுராவில் சொன்னார்கள், பொம்மனஹள்ளியில் பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர் சொன்னார். அப்புறம் ஊரின் மற்றப் பக்கங்களிலும் ஆரம்பித்தது. கெங்கேரியில் ஒரு டீக்கடைக்காரர், “இங்கதான் டீ குடிச்சாரு. ஷிப்டு எத்தன மணிக்குன்னு கேட்டாரு. எந்த ஷிப்டுன்னு எனக்கு என்ன தெரியும்?” என்றார். எலஹங்காவில் பூ விற்கிறவள் அவர் பஸ் ஏறின படிக்கட்டையே காட்டினாள். எங்கே போனாலும், யாரைக் கேட்டாலும், முந்தின பஸ்தான்.

யூனிஸும் லேசுப்பட்டவள் இல்லை. ஒரு நாள் ஹொஸ்கோட்டேயில் “இப்பத்தான் போனாரு” என்று சொன்ன கையோடு ஆட்டோவைப் பிடித்து, அந்த முந்தின பஸ்ஸை மூன்றாவது ஸ்டாப்பில் மறித்து ஏறிவிட்டாள். முன்னாலிருந்து பின்னால் வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இல்லை. கண்டக்டரிடம் போட்டோவை நீட்டினாள்.

“இவரா? இவரு இதுக்கு முந்தின பஸ் ஆச்சே” என்றார் அவர்.

யூனிஸ் உட்காரலாமென்று ஜன்னலோரம் காலியாக இருந்த சீட்டில் கையை ஊன்றினாள். சீட்டு வெதுவெதுப்பாக இருந்தது. வெயிலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் வெயில் அந்தப் பக்கம் அடிக்கவில்லை. அதில் உட்கார அவளுக்கு மனசு வரவில்லை, நின்றுகொண்டே வந்தாள்.

பயம் இல்லை என்று சொல்ல முடியாது. ஊரெல்லாம் சுற்றத் தெரிந்த மனுஷனுக்கு வீட்டுக்கு வரத் தெரியாதா? தன்மேல் கோபமா? பூட்டைத் திறந்து அனுப்பிவிட்டாளே, போய்த் தொலையட்டும் என்றுதான் அனுப்பினாள் என்று நினைத்துக்கொண்டாரா? பஸ் ஜன்னல் கண்ணாடியில் தன் முகத்துக்குப் பின்னால் வேறொரு முகம் தெரிகிற மாதிரி இருக்கும். திரும்பினால் யாரோ ஒரு காலேஜ் பெண் போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இருந்தாலும் யூனிஸ் போவதை நிறுத்தவில்லை. முந்தின பஸ்ஸிலாவது இருக்கிறாரே! இருக்கிறவரைப் பிடித்துவிடலாம்.

அக்டோபர் கடைசியில் மாதா கோயிலில் கவர் கொடுத்தார்கள். நவம்பர் ரெண்டாம் தேதி கல்லறைத் திருநாள். குடும்பத்தில் இறந்தவர்களின் பெயரையெல்லாம் எழுதிக் கவரில் போட்டுக் கொடுத்தால் கல்லறையில் பூசை வைக்கும்போது ஃபாதர் ஒவ்வொரு பெயராக வாசிப்பார். யூனிஸ் தன் அப்பா, அம்மா, மாமனார், மாமியார் என்று எழுதிக்கொண்டிருந்தாள். டிரேவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“மா, இந்த வருசம் அப்பா பேரையும் குடுத்துடலாமா?”

பேனா அப்படியே நின்றது.

“இன்னாடா சொன்ன?”

“ஒரு வருசத்துக்கு மேல ஆயிடுச்சும்மா.”

“எங்கப்பா செத்தது உனக்குத் தெரியுமில்ல? உள்ள பாறை வெடிச்சுப் பதினாறு பேர் மாட்டிக்கினாங்க. எங்கம்மா சுரங்கத்து வாசல்லயே மூணு நாள் உக்காந்திருந்தா, பச்சத்தண்ணி குடிக்காம. ஆபீசு கிளார்க்கு இருக்கான் பாரு, அவன்கூட மூணு நாளும் செத்தவங்க லிஸ்ட்டுல ஒரு பேர எழுதல. உடம்பு மேல வந்தாத்தான் எழுதுவான். உடம்பு வராதவன் உசிரோட இருக்கான்னுதான் கணக்கு எங்க ஊர்ல. ஒரு பேரை எழுதிட்டீன்னா அப்புறம் உள்ள தோண்டறவன் கைய விட்டுடுவான். புரியுதா?”

டிரேவர் எழுந்து போய்விட்டான்.

கல்பள்ளிக் கல்லறையில் அன்றைக்குச் சரியான கூட்டம். சாமந்தி மாலையும் மெழுகுவத்தியுமாக ஜனங்கள் சமாதிக்குச் சமாதி உட்கார்ந்திருந்தார்கள். மைக்கில் பெயர்கள் வந்துகொண்டிருந்தன. யூனிஸ் தன் அப்பாவின் பெயரைக் கேட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். இன்னும் பத்துப் பன்னிரண்டு பெயர் போயிருக்கும். “ரெமிஜியஸ், ஜோகுபாளையம்” என்றார் ஃபாதர்.

யாரோ வேறு ரெமிஜியஸ் என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். திரும்பி மகன் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவன் கண்ணை மூடி, கையைக் கூப்பி, வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தான்.

யூனிஸ் அத்தனை பேருக்கு முன்னாலும் அவன் கன்னத்தில் அறைந்தாள்.

“உங்கப்பன நீயே கொன்னுட்டடா.”

ஃபாதர் சமாதானம் சொன்னார். ஜெபம் யாரையும் சாகடிக்காதும்மா, உயிரோடு இருந்தால் அவருக்கு நல்லதாகத்தான் போய்ச் சேரும் என்றார். அவருக்கென்ன, அவர் மங்களூர்க்காரர். தங்கவயலில் பிறந்திருந்தால் அல்லவா தெரியும்! யூனிஸ் அன்றிலிருந்து மகனோடு பேசுவதை நிறுத்தினாள். சோறு வைப்பாள், துணி துவைத்துப் போடுவாள், பேச்சு கிடையாது. அவனும் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவான். செவ்வாய்க்கிழமை வாரலீவு, அதற்கும் ஓவர்டைம் என்று கிளம்பிவிடுவான். அவன் மெலிந்துபோயிருந்ததை அவள் கவனித்தாள். கவனித்தும் கேட்கவில்லை.

நவம்பர் மூன்றாம் தேதியிலிருந்து ரெமிஜியஸை யாரும் பார்க்கவில்லை.

அத்திபெலேயில் இல்லை என்றார்கள். பொம்மனஹள்ளி டைம் கீப்பர் அவளைக் கண்டதும் ரிஜிஸ்டருக்குள் தலையை விட்டுக்கொண்டார். யூனிஸ் கெங்கேரிக்கு ஓடினாள். அதே டீக்கடை, அதே ஆள். போட்டோவைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “யாரும்மா இது?” என்றார். நீங்கதானே டீ குடிச்சாருன்னு சொன்னீங்க என்று அவள் கத்தினாள். அவர் நிஜமாகவே முழித்தார். எலஹங்கா பூக்காரியும் அப்படித்தான். ஹொஸ்கோட்டே பஸ்ஸில் ஜன்னலோரச் சீட்டைத் தொட்டுப் பார்த்தாள். சீட்டு ஜில்லென்று கிடந்தது. ஊர் ஊராகக் கூடவே வந்துகொண்டிருந்த மனுஷன் ஒரே நாளில் துடைத்துவிட்ட மாதிரி இல்லாமல் போய்விட்டார். பெயர் எழுதியாயிற்று, தோண்டுகிறவன் கையை விட்டுவிட்டான் என்று யூனிஸ் நினைத்துக்கொண்டாள்.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை ஆனேக்கல்லுக்குப் போனாள். சஹானாவின் பஸ் கிளம்பத் தயாராக நின்றிருந்தது. யூனிஸ் ஏறினாள். சஹானா டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

“இன்னிக்காவது பாத்தியாம்மா?”

“இல்லம்மா.”

“என் மவன் அவரு பேரைச் செத்தவங்க லிஸ்ட்டுல குடுத்துட்டான். அதான் காணோம். பெத்த புள்ளையே கொன்னுட்டான்” என்று யூனிஸ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகை அடங்கவில்லை. பஸ்ஸில் இருந்த நாலைந்து பேர் வழியில் ஒவ்வொருத்தராக இறங்கிப் போனார்கள். சஹானா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“உங்க மகன பையபேடிம்மா” என்றாள் பாதிக் கன்னடத்தில். “அவரத் திட்டாதீங்க. எனக்குப் பாவம் சேரும்.”

“உனக்கு இன்னா தெரியும்?”

“எல்லாம் தெரியும். ஜனவரியில நான் சொன்னது பொய். உங்க மகன்தான் சொல்லச் சொன்னாரு. கையெடுத்துக் கும்பிட்டாரு. ‘எங்கம்மா சோறு துன்றத விட்டுட்டாங்க. போட்டோ காட்டினா முந்தின பஸ்ல போனாருன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அப்பத்தான் உசிரோட இருப்பாங்க’ன்னு அழுதாரு. நான், அத்திபெலேல ஒருத்தரு, சந்தாபுரால ஒருத்தரு, பொம்மனஹள்ளி டைம் கீப்பரு. நாலு பேருதான். இந்த மாசம் ரெண்டாந் தேதி, இனிமே சொல்ல வேணாம், போதும்னு மெசேஜ் போட்டாரு.”

பஸ் குலுங்கிக் குலுங்கிப் போய்க்கொண்டிருந்தது.

“நாலு பேரா?”

“நாலே பேரும்மா.”

“அப்போ கெங்கேரியில சொன்னாங்களே? எலஹங்காவுல? ஹொஸ்கோட்டேல?”

“அங்கெல்லாம் எங்களுக்கு யாரையும் தெரியாதும்மா. உங்க மகனும் போகல.” சஹானா தன் கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். மயிர்க்கூச்செறிந்திருந்தது.

அதை அதற்குமேல் கேட்க இரண்டு பேருக்குமே துணிவில்லை. ஆனால் ஒன்றைக் கேட்காமல் யூனிஸால் இருக்க முடியவில்லை.

“மூணு தட்டு தட்டினாருன்னு சொன்னியே. அதுவும் அவன் சொல்லிக்குடுத்தானா?”

“இல்ல. அது மட்டும் நிஜம். நான் கண்ணால பாத்தது. ஆனா ஜனவரியில இல்லம்மா, போன வருசம் ஆகஸ்ட்டுல. அவரு காணாமப் போன அன்னிக்கு.”

சஹானா சொல்லச் சொல்ல யூனிஸ் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு இதே பஸ்தான். பெரியவர் கடைசி ஸ்டாப் வரைக்கும் போக ஏறினவர், வழியில் க்ரஷர் ஸ்டாப்பில் பழைய கல்குவாரியின் இரும்புக் கோபுரத்தைப் பார்த்ததும் சட்டென்று எழுந்தார். கம்பியில் மூன்று தட்டினார். “ஷிப்டுக்கு லேட் ஆயிடுச்சு, மேஸ்திரி திட்டுவான்” என்று சிரித்துக்கொண்டே இறங்கினார். அங்கே வாட்ச்மேன் வேலை பார்க்கிறவர் போலிருக்கிறது என்று சஹானா நினைத்தாள். ஒரு மாதம் கழித்து பஸ் ஸ்டாண்டில் போட்டோவைப் பார்த்துவிட்டு, அதிலிருந்த நம்பருக்குப் போன் போட்டாள். டிரேவர் வந்தான். போலீஸ் வந்தது, ஃபயர் சர்வீஸ் வந்தது. குவாரி மூடிப் பத்து வருஷம். மழைத்தண்ணீர் நின்று ஆழம் எத்தனை என்றே தெரியவில்லை. இரண்டு நாள் தேடினார்கள். கிடைக்கவில்லை.

“செருப்பு மட்டும் இருந்துச்சும்மா. மேல, கரை ஓரத்துல, ஜோடியா வச்சிருந்தாரு. சுரங்கத்துல செருப்ப மேல கழட்டி வச்சுட்டு பூட்ஸ் மாட்டித்தான் எறங்குவாங்களாமே? உங்க மகன் அதப் பாத்துட்டு மண்ணுல உருண்டு அழுதாரு. அம்மாவுக்குச் சொல்லலையான்னு கேட்டேன். ‘எங்கம்மாவோட அம்மா மூணு நாள் சுரங்க வாசல்ல உக்காந்தாங்க. இங்க உடம்பு வரவே வராது. எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா இங்கயே வந்து உக்காந்துடுவாங்க, சாகற வரைக்கும்’ன்னாரு.”

ஓசூரில் ஃபேக்டரி வேலை என்று சொல்லிவிட்டுப் போன வருஷம் செப்டம்பரில் இரண்டு ராத்திரி டிரேவர் வீட்டுக்கு வராமல் இருந்தது யூனிஸுக்கு நினைவு வந்தது. திரும்பி வந்தபோது சட்டையெல்லாம் செம்மண். அவள்தான் துவைத்தாள். அடிபட்ட கன்னத்தோடு கல்லறையில் அவன் நின்ற நிலையும் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டோம்!

“நான் எறங்கணும். அந்த ஸ்டாப்புல விடு.”

“விடறேன். இன்னிக்கு செவ்வாய்க்கிழமை தானே, அவரு இருப்பாரு.”

“யாரு?”

“உங்க மகன்தான். ஒவ்வொரு செவ்வாயும் காலைல இந்த பஸ்லதான் வந்து எறங்கறாரு. சாயங்காலம்தான் திரும்பறாரு. என்ன பண்றீங்கன்னு கேட்டா, சும்மா உக்காந்திருக்கேன்னு சொல்லுவாரு. முன்னயெல்லாம் மேலயே உக்காந்திருப்பாரு. இப்ப கொஞ்ச நாளா கீழ எறங்கறாரும்மா. எனக்குப் பயமா இருக்கு.”

விசில் ஊதி பஸ்ஸை நிறுத்தினாள். டிரைவரிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னாள். பஸ் அங்கேயே ஓரமாக நின்றது.

நண்பகல் வெயில். சாலையிலிருந்து ஒரு மண் பாதை, அந்தப் பக்கம் துருப்பிடித்த கோபுரம். தூரத்திலிருந்து பார்த்தால் அது அச்சு அசலாகச் சுரங்கத்துக் கோபுரம்தான். யூனிஸே ஒரு கணம் தங்கவயலுக்கு வந்துவிட்டோமோ என்று திகைத்துப் போனாள். முழங்கால் வலியெல்லாம் எங்கே போயிற்றோ, விறுவிறுவென்று நடந்தாள். ஆள் அரவம் இல்லை. ஒரு குருவிகூடக் கத்தவில்லை. பாதை முடிகிற இடத்தில் பூமி அப்படியே பிளந்து கிடந்தது.

விளிம்பில் ஒரு ஜோடி செருப்பு இருந்தது.

நீல வார், குதிகால் பக்கம் தேய்ந்தது. தீபாவளித் தள்ளுபடியில் டிரேவர் வாங்கினது. இரண்டையும் ஒட்டி, நேராக, முனை குழியைப் பார்க்க வைத்திருந்தான்.

யூனிஸ் தரையில் மண்டியிட்டுக் கையை ஊன்றி எட்டிப் பார்த்தாள். பாறையை வெட்டி வெட்டி எடுத்ததில் உண்டான படிகள் கீழே கீழே போயின. அடியில் பச்சைத் தண்ணீர் அசையாமல் நின்றது. கடைசிப் படியில் டிரேவர் உட்கார்ந்திருந்தான். பாண்ட்டை மடித்துவிட்டுக் காலிரண்டையும் முழங்கால் வரை தண்ணீருக்குள் விட்டிருந்தான். தலை கவிழ்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். உதடு அசைந்துகொண்டிருந்தது. யாரோ கேட்டதற்குப் பதில் சொல்கிறவன் மாதிரி நடுவில் நிறுத்தி, தலையாட்டி, மறுபடி பேசினான்.

பதினைந்து மாதம் எந்தெந்த ஊரிலோ எந்தெந்த பஸ்ஸிலோ ஏறி யாரைத் தேடினோம், வீட்டில் எதிரே உட்கார்ந்து சோறு தின்றவன் எங்கே போய்க்கொண்டிருந்தான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்தான். தண்ணீர் முழங்காலைத் தாண்டியது.

“டிரேவரே!”

பதினாறு நாளைக்கப்புறம் அவள் அவனைக் கூப்பிட்ட முதல் குரல் அது. நாலு பக்கப் பாறையிலும் மோதிச் சுற்றி வந்தது. அவன் நிமிர்ந்து பார்த்தான். வெயிலில் கண் கூச, மேலே நிற்பது அம்மா என்று தெரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“மா... அப்பா இங்கதாம்மா இருக்காரு” என்றான். சின்னப் பிள்ளையில் அழுவானே, அந்தக் குரல்.

“அவரு அங்க இல்லடா. ஊரெல்லாம் சுத்திக்கினு இருக்காரு. சுத்தட்டும், அவருக்கு அதான் புடிக்கும்” என்று யூனிஸ் கத்தினாள். “நீ மேல வாடா. என் சாமி, நீ மேல வா.”

டிரேவர் தண்ணீருக்குள்ளிருந்து ஒரு காலை எடுத்துப் பாறைமேல் வைத்தான். அப்புறம் இன்னொரு காலை எடுத்தான்.